இடுப்பு உயரத்தில் ஒரு கோடு

வெள்ளைச் சுவரில் கை வைத்தால் அழுக்கு ஒட்டும். பெயின்ட் வாங்கும்போதே கடைக்காரர் சொன்னார், வெளிர் பழுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நான்தான் கேட்கவில்லை.

அப்பா எங்கள் இருவருக்குமாக விட்டுப்போன வீடு அது. வீடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மலைச்சரிவில், பலகையும் ஓடுமாக ஒரு சின்னக் குடில். ஒரு கூடம், ஓர் அறை, எட்டிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும் சமையலறை. அண்ணன் அங்கேயே இருந்தார். சின்ன வயதில் காய்ச்சல் வந்து அவருக்குப் பார்வை போய்விட்டது. ஆனால் அந்த வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரு கை சுவரில், இன்னொரு கையில் வெந்நீர் டம்ளர், ஒரு சொட்டுச் சிந்தாது.

எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. அண்ணன் இருக்கும் இடத்துக்கு யார் வந்தாலும் லேசாகச் செருமுவோம். நான் இங்கே இருக்கிறேன், வழியில் இடைஞ்சல் இல்லை, வரலாம் என்று அதற்கு அர்த்தம். அம்மா ஏற்படுத்தியது. பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே செருமக் கற்றுக்கொண்டவன் நான் என்று அம்மா கேலி செய்வார்.

அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றானதும் நானும் மனைவியும் அங்கே குடிபோனோம். வீட்டை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருந்தது. புது ஒயரிங், குளியலறைக்குச் சுடுநீர், பின்பக்கம் பெரிய கண்ணாடிக் கதவு. பலகைகளைத் தேய்த்து வெள்ளை அடித்தோம். மனைவி போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள்.

அடுத்த வாரமே கோடு வந்துவிட்டது. இடுப்பு உயரத்தில், கூடத்தில் தொடங்கிச் சமையலறை வரை, அண்ணனின் கை போன பாதை. துடைத்தேன். திரும்ப வந்தது. மறுபடி வெள்ளை அடித்தேன். திரும்ப வந்தது.

"அண்ணே, கையைக் கழுவிட்டுத் தொடக் கூடாதா?"

"கழுவிட்டுத்தான்டா தொடறேன். தொடாம இருந்தா வீடு எங்க இருக்குன்னு எனக்கு யாரு சொல்றது?" என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்மேல் எனக்குப் பிரியம்தான். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது மட்டும் உள்ளே ஏதோ மரத்துப்போகும். நல்ல காப்பகம் ஒன்று பார்த்துவைத்தேன். வரமாட்டேன் என்றார். கட்டாயப்படுத்துவது சரியில்லை. சுவர் இருந்தால்தானே கோடு விழும் என்று நடுச்சுவரை எடுத்துவிட்டோம். இப்போது எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

"வீட்டுக்குள்ளயே பந்து விளையாடலாம் போலிருக்கே" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு கூடத்தின் நடுவில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நிற்பார். நான் செருமினால் கைகளை இறக்கிவிட்டு நேராக என்னிடம் வருவார். மனைவி செருமினால்கூட நீட்டிய கை நீட்டியபடிதான் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மிச்சமிருந்த சுவர்களில் அவர் இன்னும் அதிகமாகக் கை வைத்தார். அதை நான் யோசித்திருக்கவில்லை.

கடைசி வேலை, பின்பக்கத்து மரத்தளம். கண்ணாடிக் கதவிலிருந்து சமையலறைக் கதவு வரை, சரிவுக்கு மேலே. இரண்டு கதவுப் பக்கமும் பலகை போட்டாயிற்று. நடுவில் போடப் பலகை போதவில்லை. கீழே பாறை. தச்சர் கண்ணாடிக் கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டினார்.

"பலகை எடுத்துட்டு வந்துடறேன் சார். அதுவரைக்கும் அண்ணன் இந்தப் பக்கம் வந்துடாம பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அண்ணன் பாறையில் விழுந்ததை இதே ஸ்டேஷனில் நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். போன வாரம் சுவர்களுக்குக் கடைசியாக ஒரு முறை வெள்ளை அடித்தேன். கோடு வரவில்லை. அதோடு முடிந்திருக்கும். ஆனால் கயிற்றை ஒழுங்காகக் கட்டாமல் ஒரு உயிரைக் கொன்றுவிட்டேன் என்று தச்சர் சாப்பாட்டில் கை வைப்பதில்லையாம். அவர் மனைவி வந்து சொல்லி அழுதாள். அவர் நன்றாகத்தான் கட்டியிருந்தார். முடிச்சை அவிழ்ப்பதற்குள் எனக்கு நகம் வலித்துவிட்டது. செய்யாத தப்பை ஒருவர் தலையில் போடுவது நியாயமில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

மனைவி கடைக்குப் போயிருந்தாள். கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, சமையலறை வழியாகப் போய், அந்தப் பக்கத்துப் பலகையில் நின்றேன். வெயில் இதமாக இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வெளியே வந்து, கதவை ஒட்டி நின்றார். இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன.

"தம்பி, எங்கடா இருக்க?"

நான் அவரைத் தொடவில்லை. பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

செருமினேன். அண்ணன் கைகளை இறக்கிக்கொண்டார்.