அப்பா வண்டிக்கு எந்த கேஸ்?

"ஹலோ... ஹலோ... ஆமாடா, ஏசி ஒர்க்‌ஷாப்புலதான் நிக்கிறேன்... கேக்கலை, இரு. ஒரே இரைச்சல். ஸ்பீக்கர்ல போடறேன்... ம், இப்பச் சொல்லு."

அக்கா போனைக் கையில் நீட்டிப் பிடித்தாள். பக்கத்திலேயே, மெக்கானிக் இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்து நேராக இங்கேதான் வந்திருந்தார்கள்.

"கார் ஏசில கேஸ் சுத்தமா இல்லையாம்... இல்லடா, இந்த மாடலுக்கு இருந்த பழைய கேஸ் இப்ப செய்யறதே இல்லையாம். மாத்து கேஸ்தான்... ஆமா... ஆமா, ரெண்டு இருக்கு. புதுசு போட்டா ஆயில், டிரையர், வாஷர் எல்லாம் மாத்தணும்... இன்னொண்ணு எதையும் கழட்டாம அப்படியே ஏத்திடலாம்... அதேதான், உன் ஃப்ரெண்டு சொன்னது... நல்லாக் குளுரும்டா, யாரு இல்லைன்னா? ஆனா அது சமையல் கேஸ் ஜாதி. உள்ள லீக் ஆச்சுன்னா ஒரு பொறி போதும்... மெக்கானிக் சொல்றாரு. அவரு அதைத் தொடவே மாட்டேங்கறாரு..."

"ஏசியே வேணாமா? நீ ஒரு தடவ கூட்டிட்டுப் போய்ப் பாரு, தெரியும். போன வாரம் சிக்னல்ல தலை தொங்கிப் போச்சு. தாகம் தாகம்னு தவிக்கறாரு, தண்ணியும் அளந்துதான் குடுக்கணும்... சரி... சரிடா, உனக்கு லீவு இல்ல. நான் கேட்டனா? எந்தக் காலத்துல கேட்டேன்?... டாக்சியா? உள்ள வாந்தி எடுத்துட்டாரு, அதோட அந்த டிரைவரு போனையே எடுக்கறதில்ல..."

"என்ன?... என்ன சொன்னே?... டேய், நிறுத்து. ஸ்பீக்கர்ல..."

அவள் பொத்தானைத் தேடுவதற்குள் தம்பி சொல்லி முடித்துவிட்டான். அப்பா கண்ணைத் திறந்திருந்தார்.

"'இன்னும் எத்தன நாளைக்கு'ன்னா என்னடா அர்த்தம்?... வண்டியச் சொன்னியா? வண்டியா டயாலிசிஸுக்குப் போகுது?... பக்கத்துலதான் உக்காந்திருக்காரு... ஆமா. எல்லாம் கேட்டாச்சு... மெதுவாப் பேசி இனிமே என்ன?"

"அண்ணே! அந்தப் புது கேஸே போடுங்க. எதெது மாத்தணுமோ எல்லாம் மாத்துங்க. பத்து வருஷத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது... உங்கிட்டப் பேசலடா. மெக்கானிக்கிட்டப் பேசறேன்."

அப்பா கையை நீட்டினார்.

"வேணாம்ப்பா... சரி, இந்தாங்க. நல்லாத் திட்டுங்க அவன. என்னை மாதிரி விட்டுடாதீங்க."

போனுக்குள்ளிருந்து மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அப்பா கட்டைவிரலால் தடவித் தடவி, சிவப்பு வட்டத்தைக் கண்டுபிடித்து அழுத்தினார்.