யாருக்கு ஆட்சேபணை என்று கேட்டுப் போனது

பெயர்: மொஹ்சின், வயது 33, த/பெ பாட்சா. தொழில்: மேற்கு தாம்பரம் மார்க்கெட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை. இருப்பிடம்: இரும்புலியூர், மூன்றாவது மாடியில் வாடகை வீடு. சிட்லபாக்கம் திரு. பட்டாபிராமன் கொடுத்த மனுவின் மீது காவல் நிலையத்தில் நடந்த விசாரணைக்கு ஆஜராகி, நான் சொல்லிக் கொள்வது என்னவென்றால்,

நான் மேற்படி முகவரியில் மனைவி ஆஃபியாவுடன் வசித்து வருகிறேன். ஆஃபியா சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவள் இப்போது கர்ப்பமாக இருப்பதால் மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாங்கள் இருக்கும் கட்டடத்தை இடித்துக் கட்டப் போவதால் இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யவும் வேண்டும். ஆகவே அவள் பள்ளிக்குப் பக்கத்தில் தரைத்தள வீடாகத் தேடினோம். பல இடங்களில் என் பெயரைக் கேட்ட பிறகு, வீட்டை இப்போதுதான் கொடுத்துவிட்டோம் என்று சொன்னார்கள்.

அதன் பிறகு ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மனுதாரர் வீட்டு வாசலில் 'வீடு வாடகைக்கு' என்ற போர்டு பார்த்து போன் செய்தேன். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், குடும்பத்தோடு வந்து பாருங்கள் என்று சொன்னார். மறுநாள் போனபோது அவரே கீழ்வீட்டைத் திறந்து காட்டினார். ஆஃபியா ஜன்னலுக்குக் கீழே தொட்டில் வைக்க இடம் போதுமா என்று கையால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மனுதாரர் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். நாங்கள் அறைக்குள் நிற்கும்போதே அவர் விளக்கை அணைத்துவிட்டு, கலந்து பேசிச் சொல்கிறேன் என்றார். அவர் போன் செய்யவில்லை. போர்டும் அப்படியே தொங்கியது.

பார்வை சரியில்லை என்று கடைக்கு வருகிறவரிடம் எந்தக் கண், தூரமா கிட்டமா என்று கேட்டுப் பழகியவன் நான். காரணம் தெரியாமல் விட என்னால் முடியவில்லை. ஆகவே மறுபடி போய், வீடு வேண்டாம், காரணத்தை மட்டும் சொல்லுங்கள் சார் என்று கேட்டேன். அதற்கு மனுதாரர், "எனக்கு ஒண்ணுமில்லைப்பா, ஆத்துல அவ ஒத்துக்க மாட்டா" என்று சொன்னார். அவர் மனைவி ரமா அம்மாள் உள்ளேயிருந்து வந்து, "என் பேரை ஏன் இழுக்கறேள்? என்னை யார் கேட்டா?" என்று சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அதன் பிறகு மனுதாரர், மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்குப் பிடிக்காது என்றும், தெரு நலச்சங்கத்திலும் பேச்சு வரும் என்றும் சொன்னார்.

அதன் பிறகு நான் வாசலில் நின்று, மாடியில் குடியிருக்கும் சின்மயி என்பவர் வேலைக்குக் கிளம்பி வந்தபோது விசாரித்தேன். தன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்றும், கீழ்வீடு பூட்டியே கிடப்பதால் யாராவது வந்தால் நல்லது என்றுதான் தான் நினைத்ததாகவும் சொன்னார். எதிர்வரிசையிலும் சில வீடுகளில் கேட்டேன். ஒருவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். மற்றவர்கள், தங்களுக்கு என்ன வந்தது என்று சொன்னார்கள். அதன் பிறகு சங்கச் செயலாளர் லோகநாதன் அவர்களைப் போய்ப் பார்த்தேன். குப்பை, தெருவிளக்கு தவிர வேறு எதிலும் சங்கம் தலையிடுவதில்லை என்று சொல்லி என்னை வழியனுப்பினார். கேட் வரை வந்த பிறகு, "ஆனா நீங்க என் வீட்டைக் கேட்டிருந்தா நானும் சங்கத்தைத்தான் சொல்லியிருப்பேன் தம்பி" என்று சொன்னார். இதுவரை எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வீடு வீடாக விசாரித்ததைத்தான் மனுதாரர் தன்னைத் தெருவில் அவமானப்படுத்துவதாக மனு கொடுத்திருக்கிறார். நான் யாரையும் மிரட்டவில்லை, குரல் உயர்த்தவும் இல்லை.

இன்று நிலையத்தில் உதவி ஆய்வாளர் வினிதா அவர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்து விசாரித்தார். நான் மரியாதையாகத்தான் பேசினேன் என்பதை மனுதாரர் ஒப்புக்கொண்டார். அப்படியானால் யாருக்குத்தான் ஆட்சேபணை என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அதற்கு மனுதாரர் என்னைப் பார்த்துச் சொன்னது: "ஆபீஸ்ல உங்க ஆட்களோட பக்கத்து சீட்ல வருஷக்கணக்கா பழகியிருக்கேன். வீட்டுக்குள்ளன்னா மத்தவா என்ன சொல்லுவாளோன்னு இருந்தது. எந்த மத்தவான்னு நீங்க போய்க் கேட்டுட்டேள். யாரும் இல்லை. நான்தான்."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அப்போது உதவி ஆய்வாளர், "போலீஸ்னு சொன்னதும் எனக்கும் வீடு இல்லைன்னாங்க. ஏன்னு நான் ஒரு தடவைகூட கேட்டதில்ல" என்று சொன்னார். இதையும் எழுதலாமா என்று எழுதுகிற ஏட்டு கேட்டதற்கு, எழுதுங்கள் என்று சொன்னார்.

அதன் பிறகு மனுதாரர் தன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். எனக்கும் அவர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். நான் கேட்டது காரணம், அது கிடைத்துவிட்டது.

நாங்கள் வெளியே வந்தபோது, மனுதாரருடன் வந்திருந்த ரமா அம்மாள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆஃபியாவிடம் போய், வீட்டை இன்னொரு தடவை வந்து பார்க்கும்படி கூப்பிட்டார். மனுதாரர் மறுத்துப் பேசவில்லை. அதற்கு ஆஃபியா, "பார்க்கிறோம்மா. ஆனா உடனே சரின்னு சொல்ல முடியாது. வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்னு நாங்களும் அக்கம்பக்கத்துல விசாரிக்கணும்" என்று சொன்னாள். ரமா அம்மாள் தன் கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நன்னா விசாரி" என்று சொன்னார். இதைச் சேர்த்து எழுதுவதற்காக நான் மறுபடி உள்ளே வந்தேன்.

யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானாகச் சொன்ன இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்ததற்குக் கூடவோ குறையவோ இல்லை, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) மொஹ்சின்