சுண்டுவிரலுக்கு எழுதியது

வயலினைவிடச் சற்றுப் பெரிய இந்த வயோலாவுக்கென்று யாரும் அதிகம் எழுதிவைக்கவில்லை, டாக்டர். பிற வாத்தியங்களுக்கு எழுதியதை மாற்றித்தான் வாசிக்க வேண்டும். செல்லோவுக்கும் பியானோவுக்குமாக நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு ஜெர்மன்காரர் எழுதிய சொனாட்டாவை என் தங்கை கிருஷ்ணப்ரியாவுக்காக அப்படி மாற்றியவன் நான். பியானோ வாசிப்பதும் நானேதான். அப்பா அம்மா போனபின் கல்பாத்தி வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நகமும் சதையும் என்பார்கள் தெருவில்.

மார்ச்சில் ஜெர்மனியிலிருந்து ஓர் இசைக்குழு அவளை அழைத்தது. ஜூனில் நேரில் போய் இந்த சொனாட்டாவை வாசித்துக் காட்ட வேண்டும். பியானோவுக்கு அங்கேயே ஆள் இருக்கிறாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போகாதே என்று கெஞ்சினேன். காலைப் பிடித்துக்கூட அழுதேன். அவள் சிரித்துவிட்டுப் பெட்டி வாங்கப் போனாள்.

விரல் வலிக்கிறது என்று அவள் உங்களிடம் காட்டியிருந்தாள்; அதன் முடிவைச் சொல்ல அந்த வாரம்தான் நீங்கள் போன் செய்தீர்கள். இடது கைச் சுண்டுவிரல் நரம்பு வீங்கியிருக்கிறது, மூன்று மாதம் விரலை விரித்து வாசிக்கக் கூடாது, வாசித்தால் கை போய்விடும் என்றீர்கள். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்தவன் நான்.

உள்ளபடி மாற்றினால் அந்த சொனாட்டா வயோலாவில் சுலபமாக உட்காரும். நான் பக்கத்துக்குப் பத்து இடத்தில் சுண்டுவிரலை எட்ட வைத்தேன். பென்சிலால், நிறுத்தி நிதானமாக எழுதினேன். நாற்பது நாள் வாசித்தாள், தினம் ஐந்து மணி நேரம்.

"சுண்டுவிரல் மரத்துப்போறதுண்ணா. டாக்டர் என்னதான் சொன்னா?"

"ஒண்ணுமில்லேன்னு சொன்னா. சாதகம் பண்ணினா வலிக்கத்தான் செய்யும்."

நம்பினாள். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. சின்ன வயதில் தந்தி கீறி விரலில் ரத்தம் வந்தால் அப்பா திட்டமாட்டார், வாயில் சர்க்கரை போடுவார். நானும் போட்டேன்.

மே இருபதாம் தேதி வயோலா அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அந்த இடது கை விரல்கள் அதன்பின் மடங்கவில்லை. இப்போது நான் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வலது கையால் பக்கம் திருப்புகிறாள். வீட்டிலேயே இருக்கிறாள்.

நேற்று உங்கள் அறையில், "அன்னிக்கே உங்க அண்ணாகிட்ட போன்ல சொன்னேனே, கிருஷ்ணப்ரியா" என்றீர்கள். அவள் உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அழவும் இல்லை. அதைத் தாங்க முடியாமல்தான் வந்திருக்கிறேன்.

அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பியானோ பகுதியில் நான் ஒரு சுரம்கூட மாற்றவில்லை. எழுதியவருக்குத் துரோகம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.