இடது மட்கார்டின் சிவப்பு

சிவப்பு வண்டி வேண்டும் என்று யாராவது பட்டறைக்கு வந்து நின்றால் நான் இரண்டு தடவை யோசிப்பேன், சார். வெள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடலாம். சிவப்பு அப்படியில்லை. காலையில் ஒன்றாகத் தெரியும், விளக்குப் போடும் நேரத்தில் வேறொன்றாகத் தெரியும். வேலையெல்லாம் முடிந்த பிறகு வண்டிக்காரர் வந்து, "நான் கேட்டது இது இல்லையே" என்பார்.

அப்படிச் சிவப்பு கேட்டு வந்த பெரியவர் தையல்காரராக இருந்து ஓய்ந்தவர். நிறத்தில் அவரை ஏமாற்ற முடியாது. கல்யாணமான புதிதில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிய பழைய காரைக் கொண்டுவந்தார். அந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, அதைப் பழையபடி ஆக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வெயிலில் நின்று நின்று அதன் சிவப்பு செங்கல்தூளாக வெளுத்திருந்தது. கதவு ரப்பருக்கு அடியில் வெயில் படாத நிறம் மிச்சமிருக்கும் என்று உரித்துப் பார்த்தேன். அங்கே துருதான் இருந்தது. ஆக, அவருடைய ஞாபகத்தை நம்பித்தான் நிறம் பிடிக்க வேண்டும். ஞாபகமோ அவரை விட்டுக் கழன்றுகொண்டிருந்தது.

காலையில், "இதேதான் தம்பி, அச்சு அசல்" என்பார். சாயங்காலம் அதையே பார்த்து, "யாருங்க இதை அடிச்சது? என் வீட்டுக்காரி பாத்தா சிரிப்பா" என்பார்.

மகள்தான் அவரைக் கூட்டிவருவாள். நூலகத்தில் வேலை பார்க்கிற பெண், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் நடைக்கு நடந்து வரும். "அண்ணா, சாவியை மட்டும் அப்பா கையில குடுத்துராதீங்க. வழி மறந்து எங்கேயாவது போயிருவாரு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும்.

"நீ நிம்மதியா வேலைக்குப் போம்மா, நான் பாத்துக்கறேன்" என்பேன்.

அட்டையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பார்த்து யாரும் சிவப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் வண்டியிலேயே அடித்துக் காட்டினேன். பானெட்டில் ஒன்று, கதவில் ஒன்று, வலது மட்கார்டில் ஒன்று. இடது மட்கார்டுக்கு, என் வேனுக்கு அடித்து மிச்சமிருந்த டின்னை எடுத்துக்கொண்டேன். கார் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி நின்றது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "இப்படியே ஓட்டுங்கப்பா, ஊரே பயந்து வழி விடும்."



அன்று பொழுது சாய்கிற நேரம். தெருவில் ஓட்டிப் பார்த்தால்தான் நிறம் பிடிபடும் என்று பெரியவர் குழந்தை மாதிரி கெஞ்சினார். எனக்குத் தலைக்கு மேல் வேலை. தொல்லை விட்டால் போதும் என்று சாவியைக் கொடுத்தேன். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன் என்றவர் வரவில்லை. மகளுக்குப் போன் செய்தேன். அது சைக்கிளில் ஒரு பக்கம் தேடக் கிளம்பியது, நான் வேனில் மறுபக்கம். மரக்கடை மூலையில் திரும்பும்போது சந்து சந்தாக அவருடைய காரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். முன்னால் பார்க்கவில்லை.

என் வேன் இடித்த பிறகும் அந்தப் பெண்ணுக்கு உயிர் இருந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். "அண்ணா, அப்பா கிடைச்சிட்டாரா?" என்று கேட்டது.

"கிடைச்சிட்டாரும்மா" என்றேன்.

அதன் மனசு நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அங்கே, சாவியைக் கொடுத்தது யார் என்பதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கேட்பார்கள். யாராவது வருவார்கள் என்று நினைத்து வேனைத் திருப்பினேன். வரத்தான் செய்தார்கள். அதற்குள் உயிர் போய்விட்டதாம்.

பட்டறைக்கு வந்தால், பெரியவர் எனக்கு முன்பே வந்து காருக்குள் உட்கார்ந்திருந்தார். எங்கே போய்வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. "தம்பி, ஒரு டீ கிடைக்குமா?" என்றார். வாங்கிக் கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே சுத்தியலை எடுத்து இடது மட்கார்டில் தட்டினேன், அரத்தால் கொஞ்சம் உரசியும் விட்டேன். பள்ளம் எடுப்பதுதான் என் பிழைப்பு. பள்ளம் போட்டது அன்றைக்குத்தான்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"நெளிவு எடுக்கறேன் ஐயா."

"நல்லாப் பண்ணுங்க" என்றார்.

அவரே சாவியை எடுத்துக்கொண்டு போனதாக உங்கள் ஸ்டேஷன் ஆட்களிடம் சொன்னேன். சைக்கிளில் ஒட்டியிருந்த பெயின்டும் மட்கார்டின் பெயின்டும் ஒன்றுதான் என்று அவர்களே சோதித்துச் சொன்னார்கள். ஒரே டின்தானே, சரியாகத்தான் சொன்னார்கள். என் வேன் அதற்குள் வெள்ளையாகிவிட்டிருந்தது. பெயின்ட் அடிப்பவன் வேன் நிறம் மாறினால் யார் கேட்கப்போகிறார்கள்? பெரியவரையும் ஜெயிலில் போடவில்லை. புத்தி தடுமாறியவர் என்று முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல், சார்.

வாரம் தவறாமல் போய்ப் பார்த்தேன். அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? போன உடனே, "என் பொண்ணு வரலையா தம்பி?" என்பார். அங்கே வேலை செய்கிறவர்கள், "வந்துருவாங்க தாத்தா" என்று சமாளித்துவிடுவார்கள். வயசான மனுஷனைப் பொய் சொல்லி ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன்: "அவ இப்ப இல்லைங்க ஐயா. உங்க கார்தான் இடிச்சது. நீங்க வேணும்னு செய்யல." அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி உடைந்துபோவார். முகத்தைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, தூங்கவைத்துவிட்டு வருவேன். அடுத்த வாரம் மறந்திருப்பார். மறுபடியும் சொல்வேன். நான் மட்கார்டைத் தட்டியது மட்டும் என்றைக்காவது ஞாபகம் வந்துவிடுமோ என்ற பயமும் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

போன வாரம் அவர் மகளைக் கேட்கவில்லை. என்னைத் தெரியவில்லை. மனைவி பெயர் தெரியவில்லை. ஊசியைக் கையில் கொடுத்தால் இது என்ன என்று விழிக்கிறார். "சாப்பிட்டீங்களா ஐயா?" என்றேன்.

"எனக்கு எதுக்குங்க சாப்பாடு?" என்றார். "பெத்த பொண்ணையே கொன்னவன் நான்."

எல்லாம் அழிந்துபோன இடத்தில் அது ஒன்று மட்டும் தங்கிவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறாராம்.

அதனால்தான் நானாக வந்தேன். அந்தப் பெண்ணை இடித்தது நான். உயிரோடு விட்டுவிட்டு வந்தது நான். மட்கார்டில் பள்ளம் போட்டது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை அவரிடம் போய்ச் சொல்கிறவர் கொஞ்சம் பக்குவமானவராக இருக்கட்டும், சார். அவர் மனசு தாங்காது. நான் ஒரு தடவைகூட வெடுக்கென்று சொன்னதில்லை. கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.