துரை என்ற மென்னோட்டு ஆமை யாருடையது என்பது பற்றி

எனது பெயர் கந்தையா ஞானேஸ்வரன். வயது அறுபத்து மூன்று. பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவன். மணமாகாதவன். லண்டன் இல்ஃபோர்டில் என் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். இதை மிருகநல அதிகாரியிடம் தமிழில் சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்கிறார். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் றஜீவனைப் பற்றிச் சொல்ல அது போதாது.

றஜீவன் என் தங்கை துசியந்தியின் கணவர். 2008ஆம் ஆண்டு தன் மகள் மிதுஷாவின் எட்டாவது பிறந்தநாளுக்கு அவர் ஒரு ஆமைக்குஞ்சு வாங்கினார். ஓடு தோல்போல மெத்தென்று இருக்கும் இனம். அப்போது அது பிஸ்கட் அளவு. மூன்றாம் நாள் அது அவருடைய பெருவிரலைக் கடித்தது. அதன் பிறகு அவர் அதை ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்து, “மச்சான், ரெண்டு கிழமை வச்சிருங்கோ. இது இதுக்கு மேலை வளராது, கடைக்காரன் சொன்னவன்” என்றார். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. இப்போது அதன் முதுகு சோற்றுக்கோப்பையை விட அகலம்.

அதற்குத் துரை என்று பெயர் வைத்தேன், ஏனென்றால் மணலுக்குள் புதைந்து படுத்துக்கொண்டு மூக்கை மட்டும் நீட்டி வேலை வாங்கும். என்னிடம் வந்த பதினோராம் ஆண்டு முட்டையிட்டது. பெயரை நான் மாற்றவில்லை. ஆறடித் தொட்டி, ஹீட்டர், விளக்கு, வடிகட்டி எல்லாம் என் முன்னறையில்தான். ஞாயிறுதோறும் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். அம்மாவின் செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணம் போனபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை நிற்காமல் ஒன்பதாம் நாளே திரும்பினேன், ஏனென்றால் இறால் போட ஒப்புக்கொண்ட றஜீவன் கடிக்குப் பயந்து கதவைக்கூடத் திறக்கவில்லை. வந்து பார்த்தபோது ஆமை மெலிந்திருந்தது. அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கடந்த ஒக்டோபர் மாதம் மிதுஷாவுக்குக் கலியாணம் பேசினார்கள். தங்கள் வீட்டில் இடம் போதாது என்று மாப்பிள்ளை வீட்டாரைச் சனிக்கிழமை என் வீட்டுக்கு அழைத்தார்கள். ஆமை இருக்கும் வீட்டில் நல்ல காரியம் பேசக்கூடாது என்று றஜீவன் சொன்னார். அவர் படித்த கணக்காளர் என்பதையும் பதிவு செய்யவும். ஆமையை அகற்ற நான் மறுத்தேன். அந்தச் சனிக்கு முந்திய புதன்கிழமை குடலிறக்க ஒப்பரேசனுக்காக வைத்தியசாலையில் சேர்ந்தேன். என் வீட்டுப் பூட்டின் திறப்பு ஒன்று அவரிடம் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கட்டிலில் படுத்திருந்தபோது எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. அதில் றஜீவன் ஒரு பூங்காக் குளத்தின் கரையில் நின்று கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பிளாஸ்டிக் போத்தல் பாலைத் தண்ணீரில் ஊற்றி, துரையைத் துவாயால் பிடித்து உள்ளே விட்டார். “எங்கடை கிணத்துக்கை ஆமை இருந்ததுதானே, இது புண்ணியம்” என்று சொல்வதும் கேட்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒக்டோபரில் எலும்பைக் கடிக்காது. அவர் கையுறை போட்டிருந்தார். குளிர் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சனிக்கிழமை தையலோடு வீட்டில் இருந்தேன். ஆமையில்லாத தொட்டிமேல் வெள்ளைத்துணி விரித்து, தேநீரோடு தின்ன றோல்ஸ் தட்டு வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும், “அங்கிள், ஆமை எங்கை? மிதுஷா படம் அனுப்பினவா, அதைப் பாக்கத்தான் ஆசையா வந்தனான்” என்று கேட்டார். மிதுஷா எழுந்து குசினிக்குள் போனாள். றஜீவன் அவருக்கு இன்னொரு றோல் கொடுத்தார்.

அதன் பிறகு ஞாயிறன்று மீன் பிடிக்க வந்த ஒருவரின் தூண்டிலில் துரை அகப்பட்டதாகவும், நுரையீரலில் சளியோடு மிருக வைத்தியசாலையில் இருப்பதாகவும், அதன் உடம்பிலுள்ள சிப்பில் என் பெயர் இருந்ததால் என்னை அழைத்ததாகவும் அதிகாரி சொன்னார். “ஆமை என்ரை இல்லை, மச்சான்ரை” என்று றஜீவன் எழுதிக் கொடுத்ததையும் வாசித்துக் காட்டினார். நான் உரிமையாளர் என்று ஒப்புக்கொண்டால், வெளிநாட்டு ஆமையைக் குளத்தில் விட்ட குற்றத்துக்கு என்மீதும் வழக்கு வரலாம், இல்லை என்றால் ஆமையை வேறு எங்காவது கொடுத்துவிடுவார்கள் என்று விளக்கினார். விளங்கியது.

துரையைக் குளத்தில் விட்டது றஜீவன். காணொளியை ஒப்படைத்திருக்கிறேன். ஆனால் ஆமை என்னுடையது. பதினேழு வருடத்தில் அந்த மனிதர் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதைப் பொய்யாக்க மாட்டேன். இந்த இனம் இன்னும் பதினைந்து வருடம் இருக்கும் என்று வைத்தியர் சொல்கிறார். எனக்கு அப்போது எழுபத்தெட்டு. பரவாயில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதவும். தொட்டித் தண்ணீர் நான் வீடு திரும்பிய நாளிலிருந்து இருபத்தாறு பாகைச் சூட்டில் இருக்கிறது.

இது எனக்குத் திருப்பி வாசிக்கப்பட்டது. எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. றஜீவனைப் பற்றிய சில சொற்களை மென்மையாக்கலாமா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) க. ஞானேஸ்வரன்
ஆமையின் உரிமையாளர்