பதினோரு நிமிடப் பதிவு

எனக்குக் காது கொஞ்சம் நீளம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பொய்யில்லை, வக்கீலம்மா. யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய டப்பாவில் மூன்று நாளாகக் கடைச் சாப்பாடு, எல்லாம் எனக்கு அத்துப்படி. வேலையும் அதற்கேற்றதுதான். வீடியோ கேம் வெளியாகும் முன் அதை ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். மாமியார் வேலையைச் சம்பளத்துக்குப் பார்க்கிறாள் என்பார் என் கணவர்.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. குறையைக் கண்டேன் என்று சொன்னால் போதாது. அதே குறையை மறுபடி வரவழைத்துக் காட்ட வேண்டும். வரவில்லையென்றால், "மறுபடி நிகழவில்லை" என்று எழுதி மூடிவிடுவோம். பன்னிரண்டு வருடமாக நான் மூடியவற்றுக்குக் கணக்கே இல்லை.

உங்கள் கட்சிக்காரப் பெண் எனக்கு நல்ல பழக்கம். விளையாட்டில் வரும் காலடி ஓசை, கதவு கிறீச்சிடுவது, எலும்பு முறிவது எல்லாம் அவள் கைவேலை. காய்ந்த குச்சியை ஈரத்துணியில் சுற்றி ஒடிப்பாள், எலும்பு தோற்றுப்போகும். அதனால் சத்தக்காரி என்று பெயர். எங்கள் தலைமை அதிகாரிக்கு மாப்பிள்ளை என்று பெயர். எந்நேரமும் மடிப்புக் கலையாமல், பெண் பார்க்க வந்தவர் போலவே இருப்பார்.

ஒருநாள் சாப்பிடும்போது சத்தக்காரி சொன்னாள்.

"அக்கா, நேத்து ஒலிப்பதிவு அறையில அவரு கதவைச் சாத்திட்டாரு."

"காத்துல சாத்தியிருக்கும்டி."

"காத்து வந்து கையைப் பிடிச்சு இழுக்குமா அக்கா?"

அவள் புகார் கொடுத்தாள். நிர்வாகம் கிடப்பில் போட்டது. வழக்குப் போட்டாள். வழக்கால் புது விளையாட்டு தள்ளிப்போகும் என்றதும் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். இணையத்தில் அவர்கள் எழுதியதை ஒன்றுவிடாமல் படித்தேன். பணம் பறிக்க வந்தவள் என்றார்கள். சத்தம் போடுவதே அவள் தொழில்தானே என்றார்கள். அவள் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்களுக்கு அவள் நடத்தை மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. நாள் முழுக்க எங்கள் விளையாட்டை ஆடுவதையே உத்தியோகமாக வைத்திருக்கும் என் கொழுந்தனும் விடவில்லை.

"அண்ணி, நீங்க யார் பக்கம்?"

"நான் அடுப்புப் பக்கம். தள்ளி நில்லு."

அந்தச் சமயத்தில்தான் சத்தக்காரி என் மேசைக்கு வந்தாள். சாட்சி இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று நீங்கள் சொன்னீர்களாம்.

"நீங்க ஒருத்தர் வந்து சொன்னா போதும்க்கா."

"கண்ணால பாக்காததை எப்படிம்மா சொல்றது?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அப்படி நான் சொல்லவில்லை. தீர விசாரிக்காமல் யாரையும் எதுவும் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

வழக்கு முடியும்வரை அவர்கள் இருவரும் ஓர் அறையில் தனியாக இருக்கக் கூடாது என்று நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. நான் சத்தக்காரியிடம், "மாப்பிள்ளை இன்னைக்கு லீவு. அந்தப் படிக்கட்டுக் காலடி சரியில்ல, மூணு மணிக்கு வந்து எடுத்துக் குடுத்துடு. பதிவை நானே ஓட்டுறேன்" என்றேன். மாப்பிள்ளையிடம், "அந்தப் பொண்ணு சமாதானமாப் போயிடலாம்னு நினைக்குது சார். உங்ககிட்ட தனியா பேசணுமாம்" என்றேன். அவர் தலையை வாரிக்கொண்டு போனார். இரண்டும் பொய்தான். சோதனைக்காகச் சொல்வதைப் பொய்யில் சேர்ப்பதில்லை.

ஒலிப்பதிவு அறைக்குப் பக்கத்து அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நடுவே கண்ணாடி. திரையை இறக்கிவிட்டேன், நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே. அவர் உள்ளே போனதும் கதவை வெளியிலிருந்து பூட்டியதும் நான்தான். பாதியில் எவராவது நுழைந்தால் எல்லாம் பாழ்.

அந்த அறையின் மைக் நல்ல உயர்ந்த ரகம். மூச்சு விடுவதுகூடத் தெளிவாக விழும். முதல் இரண்டு நிமிடம் பேச்சு. மூன்றாவது நிமிடத்தில் நாற்காலி விழுந்தது, எனக்கும் சந்தேகம் தீர்ந்தது. ஐந்தாவது நிமிடத்திலிருந்து அவள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். அக்கா, அக்கா என்று, கதவைத் தட்டிக்கொண்டே. பிறகு தட்டவில்லை. மொத்தம் பதினோரு நிமிடம்.

மறுநாள் அந்தப் பதிவை இணையத்தில் போட்டதும் நான்தான், முழுசாக. அவளைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்றிருப்பாள். சாயங்காலத்துக்குள் ஊர் தலைகீழாகிவிட்டது. பணம் பறிக்க வந்தவள் என்று எழுதிய அதே ஆட்கள் எங்கள் தங்கை என்று எழுதினார்கள். என் கொழுந்தன் இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாப்பிள்ளையை வேலையை விட்டுத் தூக்கினார்கள். உங்களுக்கும் வழக்கு வலுத்துவிட்டது. அவளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவள் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போகட்டும், நன்றியை எதிர்பார்த்து நான் எதையும் செய்வதில்லை.

மூன்றாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டதே, மீதி எட்டு நிமிடம் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்தால் அந்தச் சத்தமும் அதில் விழுந்துவிடும், வக்கீலம்மா.