பறவைக்கு வெட்டிய சட்டை

கலையுலகம் சற்று மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். மிக முக்கியமான செய்தி ஒன்றை அறிவிக்கப் போகிறேன். நான் கத்தரிக்கோலைத் துறந்துவிட்டேன். துறந்தேன் என்றால், என் மனைவி பிடுங்கி எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள். பால் பாக்கெட்டைக்கூட இப்போது பல்லால்தான் கடித்துத் திறக்கிறோம்.

காரணம் ஒரு சட்டை. செத்துப்போன மனிதர் போட்டிருந்த பழைய கட்டம் போட்ட சட்டை. அதை என் தங்கை பீரோவில் வைத்திருந்தாள். நான் எடுத்து வெட்டினேன். ஒரு சட்டைக்கா இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்கிறேன். சொந்தக்காரர்கள் கண் காது மூக்கு வைத்துப் பேசிக்கொண்டிருப்பதால், நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது.

நான் ஓர் அலுவலகத்தில் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் உள்ளே நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் வீட்டில் யாரும் எழுந்து நிற்கவில்லை. மனைவி துடைப்பத்தோடு வந்து, “காலத் தூக்குங்க, கூட்டணும்” என்றாள். என்னுள் உறங்கிக்கொண்டிருந்த கலைஞன் விழித்தது அந்தக் கணத்தில்தான்.

தையற்கடைத் தரையில் கிடக்கும் வெட்டுத்துணிகளைப் பொறுக்கிவந்து, உள்ளங்கை அகலத்தில் துணிப்படங்கள் செய்யத் தொடங்கினேன். நீலத் துணியில் வானம். அதன்மேல் வேறு துணியில் வெட்டித் தைத்த ஒரு பறவை. பின்னால் பஞ்சு வைத்து மெத்தென்று ஒரு கனம். பறவை பார்க்கச் செருப்பு மாதிரி இருக்கிறது என்றார் தையற்காரர். பொறாமை எந்தத் தொழிலில்தான் இல்லை. படங்களை நெருங்கிய உறவுகளுக்கு மட்டுமே அன்பளிப்பாகக் கொடுத்தேன். விலைக்குத் தருவதில்லை என்பது என் கொள்கை. யாரும் விலைக்குக் கேட்காததால் அதை மீறும் அவசியம் நேரவில்லை. பிள்ளைகள் என்னை ‘ஒட்டு மாமா’ என்று அழைக்க ஆரம்பித்தார்கள். பாசத்தில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

தங்கையின் கணவர் ஒரு பேக்கரியில் அடுப்படியில் நின்றவர். மாவும் வியர்வையுமாகவே வீடு திரும்பும் மனிதர். அவர்கள் வீட்டுக்குக் கொடுத்த படத்தை அவர்தான் கையில் வாங்கினார். இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். அடுத்த வாரம் பேக்கரிக்குப் போனால், என் படைப்பை இரண்டாக மடித்துப் பிடித்து அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு மூலை கருகியிருந்தது.

“நல்லா கனமா தச்சிருக்கீங்க மச்சான். கைக்குச் சூடே ஏறல” என்றார்.

மனதாரப் பாராட்டுவதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை மறக்கவும் இல்லை.

அடுத்த வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. கேட்டுவிடுவீர்களோ என்று சொல்லிவைக்கிறேன். தங்கை பேக்கரியிலிருந்து அந்தக் கருகிய படத்தை வாங்கிவந்து, அவருடைய போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினாள். அவர் கடைசியாகக் கழற்றிப்போட்ட சட்டையைத் துவைக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கி முடிந்து பீரோவில் வைத்தாள். எப்போதாவது முடிச்சை அவிழ்த்து, முகத்தைப் பையின் வாயில் வைத்துவிட்டு, உடனே முடிந்துவிடுவாளாம். “அடிக்கடி தெறக்க மாட்டேன் அண்ணி. தீந்துபோயிடும்ல” என்று என் மனைவியிடம் அவள் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். எது தீர்ந்துபோகும் என்று எனக்குப் புரிந்தது. ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்றெல்லாம் மழுப்ப மாட்டேன். எனக்கு நேர்மை முக்கியம்.

இனி, சதிக்கு வருகிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போவது என் வழக்கம். போகிற வீட்டிலெல்லாம் பறவை சுவரில் இருக்கும். மனம் குளிரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மாவையும் எட்டிப்பார்த்துவிடலாம் என்று அங்கிருந்தே போன் போட்டேன். பேருந்து பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பெரியம்மா வீட்டுச் சுவரில் பறவை. அதில் கருகிய மூலை. சற்று முன் தம்பி வீட்டில் பார்த்தும் பொருட்படுத்தாமல் விட்ட அதே மூலை. சமையலறையில் தம்பி மூச்சிரைக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சும்மா இந்தப் பக்கம் வந்தானாம், ஸ்கூட்டரில்.

பெரியம்மாவுக்கு ஒளிவுமறைவு பழக்கமில்லை. “எல்லாருதும் போன எடம் தெரியலடா. என்னுது எண்ணெச் சட்டிக்கு அடியில போட்டு வீணாப்போச்சு. உன் தங்கச்சிதான் பத்திரமா வெச்சிருக்கா. நீ வர்றேன்னா அவகிட்ட வாங்கிட்டு வந்து மாட்டுவோம். ‘அண்ணன் மனசு கஷ்டப்படும், எடுத்துட்டுப் போங்க’ன்னு அவதான் சொல்லுவா” என்றார்.

ஆக, சதிக்குத் தலைமை தாங்கியது என் கூடப்பிறந்தவள்.

எனக்குக் கோபம் வரவில்லை. பிரிவுத் தலைவராக இருந்தவன், ஒரு குறை என்றால் முதலில் காரணத்தைத்தான் தேடுவேன். படங்களை ஏன் தொலைத்தார்கள்? கலையில் குறை இருக்க வழியில்லை. அப்படியென்றால் துணியில்தான் குறை. தரையில் பொறுக்கிய துணிக்கு எவன் மதிப்புக் கொடுப்பான்? தூக்கிப்போட யாருக்கும் மனம் வராத துணி வேண்டும். அப்படி ஒரு துணி எங்கள் குடும்பத்தில் ஒன்றுதான் இருந்தது. இதில் எந்த இடத்தில் தர்க்கம் இடறுகிறது என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

மகளின் பிரசவத்துக்காகத் தங்கை வெளியூர் போனாள். தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். தவறாமல் ஊற்றினேன். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

முடிச்சு இறுகியிருந்தது, பையைக் கிழிக்க வேண்டியதாயிற்று. அழுக்குத் துணியில் ஊசி சரியாக இறங்காது. எனவே சட்டையைச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்தேன். காலரில் மட்டும் ஒரு வாடை விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. புளித்த மாவு, கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் சிகரெட். மறுபடி துவைத்தேன். போய்விட்டது. கஞ்சி போட்டு, தேய்த்து, வெட்டினேன். வீட்டுக்கொரு பறவை. இதுவரை நான் செய்தவற்றில் இவைதான் சிறந்தவை. சிறகு கிட்டத்தட்டச் சிறகு போலவே வந்திருந்தது.

தங்கை திரும்பியதும் எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். சாப்பாடு முடிந்ததும் எழுந்து நின்று கலையும் குடும்பமும் பற்றிச் சுருக்கமாகப் பேசினேன். மனைவி இரண்டு முறை இருமினாள். பேச்சின் இரண்டாம் பகுதியை விட்டுவிட்டேன். பிறகு ஆளுக்கொரு படம் கொடுத்தேன். கட்டம் போட்ட துணியை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியம்மா கையிலிருந்ததை மடியில் கவிழ்த்துக்கொண்டார். என் படைப்புகளுக்கு முன்னால் யாரும் அப்படி மௌனமாக இருந்ததில்லை.

தங்கை படத்தை மூக்கருகே கொண்டுபோனாள். படத்தை ரசிக்கும் முறை அதுவல்ல என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் கேட்டாள்.

“தொவச்சியாண்ணா?”

“ரெண்டு தடவ” என்றேன்.

அவள் எழுந்தாள். ஒவ்வொருவரிடமாகப் போய்க் கையை நீட்டினாள். எல்லோரும் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது தம்பியிடம் மட்டும், “இனிமே அந்தப் பழைய படத்தக் கேட்டு யாரும் வராதீங்க” என்றாள்.

அதனால் இப்போது நான் போகிற எந்த வீட்டுச் சுவரிலும் பறவை இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது. எனக்கு இதில் வருத்தமில்லை. ஒரு கலைஞனின் புதிய படைப்புகள் அத்தனையையும் ஒரே ரசிகை மொத்தமாக எடுத்துச் செல்வது எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஒருநாள் அவள் புரிந்துகொள்வாள். எனக்கு நன்றிகூடச் சொல்வாள். அந்தச் சட்டையை நான் பழிவாங்க வெட்டவில்லை, அன்பினால்தான் வெட்டினேன் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

சட்டையின் ஒரு கை மட்டும் வெட்டாமல் என்னிடம் மீந்திருக்கிறது. மனைவி இல்லாத நேரத்தில் எடுத்து முகர்ந்து பார்க்கிறேன். சோப்பு வாசனைதான் வருகிறது.